ஈ நுழையாத அறை

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருந்தவர் நான் கொடுத்த டப்பாவைத் திறக்காமலே மேசைமேல் தள்ளி வைத்தார். பூச்சிக்குக் காற்று போக மூடியில் சின்னத் துளைகள் போட்டிருந்தேன். அந்தத் துளைகள் வழியாக எள்ளளவு ஈக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பறக்காமல், மூடிமேல் விடுவிடுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"நான் உன்னாண்ட இன்னா கேட்டேன்?" என்றார்.

"சில்வண்டு."

"நீ இன்னா குட்துகிற?"

மூடிமேல் ஓடிய ஓர் ஈயை விரலால் நசுக்கினேன்.

"அரோவானா வளக்கிறவங்கல்லாம் ஏசி ரூம்ல தொட்டி வச்சிகினு கீறாங்க. போன வாரம் ஒர்த்தர் வூட்ல பொறந்த நாளு. கேக்கு மேல ஓடிகினு கீது உன் ஈ. அந்தம்மா போன்ல கத்துன கத்து இன்னும் காதுலயே கீது. படிச்ச பொண்ணாச்சேன்னு வாங்குனேன் பாரு, என்னச் சொல்லணும்."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "ஒன்னு வாங்கினா ஒன்னு ஃப்ரீ போல" என்றார்.

"ஈ ஒயிஞ்சா வா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்தவர்களின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலுக்கடியில் வைத்து, துப்பட்டாவை மடித்து மேலே போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அரோவானா மாதிரிப் பெரிய மீன்களுக்கும் சில கூண்டுப் பறவைகளுக்கும் உயிருள்ள பூச்சிதான் நல்ல தீனி. அந்தத் தீனிப் பூச்சியை வளர்த்து விற்பது என் தொழில். பிளாஸ்டிக் தொட்டிகள், அவற்றுக்குள் சில்வண்டுகள் ஒளிந்துகொள்ள முட்டை அடுக்கும் அட்டைகள், தவிட்டுத் தீனி, கேரட் துண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் விலங்கியலும் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நைனா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். அம்மா கருவாடு போடுகிறவள். அண்ணன் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்குகிறான். இவர்கள் யாரும் செய்யாத ஒன்றை நான் செய்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நின்றபோது எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என் பூச்சியால்தான். இதை வீட்டில் அடிக்கடி சொல்லிக் காட்டினேன். சொல்லிக் காட்டாமல் இருந்திருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் கீழே ஒரு கூடமும் சமையல் இடமும். மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. வீட்டில் தாழ்ப்பாள் போடுகிற மாதிரிக் கதவு உள்ளது அந்த அறைக்கு மட்டும்தான். அண்ணன் புளியந்தோப்புப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்ததும் அது அவர்களுடையதாயிற்று. நான் என் தொட்டிகளைப் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தேன். பூனை தள்ளும், மழைச்சாரல் அடிக்கும். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். அவள் ஆட்டோ ஏறிய மறுநாளே தொட்டிகளை மேலே ஏற்றிவிட்டேன்.

அண்ணன் கத்தினான். "அவ வந்தா எங்க படுப்பா?"

"எனக்கு மட்டும் ரூம் வேணாமா?"

"உனுக்கா, உன் பூச்சிக்கா?"

நைனா அன்றைக்குத்தான் கடலிலிருந்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இருவர் சண்டையையும் ஒரே பேச்சில் வெட்டினார்.

"புள்ளயத் தூக்கிகினு அவ வர்ற வரைக்கும் நீ வச்சிக்கோ. வந்த அன்னிக்கு நான் மேல வந்து குந்துவேன். சோறு துன்னுவேன். துன்னு முடிக்கிற வரைக்கும் என் தட்டாண்ட ஒரு ஈ வரக் கூடாது. வரலன்னா ரூம் உன்து. வந்திச்சா, பூச்சி பூரா கால்வாயில. நீ கீழ வந்து அம்மாவோட கருவாடு போடு."

நைனா படகில் பேசுகிற பேச்சு அப்படித்தான். சொன்னால் சொன்னதுதான். அண்ணன் உடனே ஒப்புக்கொண்டான். அறைக்குள் எத்தனை ஈ இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

அது சாதாரண வீட்டு ஈ இல்லை. முதுகு கூன் விழுந்த ஒரு சின்ன ஈ. பறப்பதைவிட ஓடுவதில்தான் அதற்கு இஷ்டம். செத்த பூச்சியின் உடம்பிலும் ஈரமான தீனியிலும் முட்டை போடும். செத்தது தீர்ந்துவிட்டால், தோலுரித்துத் துவண்டு கிடக்கும் பூச்சியையும் விடாது. ஒருநாள் ஒரு பெரிய பெண் சில்வண்டைக் கையில் எடுத்தேன். மீசை அசைந்துகொண்டிருந்தது. வயிறு மட்டும் காலியாக இருந்தது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதை நான் கீழே போடவில்லை. வெயிலில் பிடித்துக் கடைசிவரை பார்த்தேன். எதிரி எப்படித் தின்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அம்மா மாடிப்படியில் பாதி ஏறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கொசு மருந்து வாங்கியாந்து புஸ்ஸுன்னு அடிச்சா போச்சு. இதுக்கு எதுக்கு இத்தினி படிப்பு?"

"ஈயக் கொல்ற மருந்து சில்வண்டயும் கொல்லும்மா."

"அப்போ ஒரேடியா ரெண்டும் ஒயியட்டும். எனக்கு நிம்மதி."

இதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம். வளர்ப்பதும் பூச்சி, ஒழிக்க வேண்டியதும் பூச்சி. ஒன்றைச் சாகடிப்பது இன்னொன்றையும் சாகடிக்கும். வினிகரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கிண்ணங்களில் வைத்தேன். வாசனைக்கு வந்து விழுந்தன. மஞ்சள் தட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டே கிடந்தன. செத்த சில்வண்டுகளைக் காலையிலும் மாலையிலும் பொறுக்கினேன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கேரட் ஈரம் மட்டும் போதும் என்று விட்டேன். ஈ குறைந்தது. ஒழியவில்லை. ஏனென்றால் ஓர் ஈரத்தை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. சில்வண்டு முட்டை போடுவதற்கு ஈரமான தேங்காய் நார்த்தூள் வேண்டும். அந்தப் பெட்டிதான் ஈக்கும் தொட்டில். கொசுவலை போட்டு மூடினேன். அந்த ஈ கொசுவலைக் கண்ணில் நிற்காமல் நுழைந்து போகும்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டு மீன் தொழில்தான். பூச்சிக்குக் குளிர் ஆகாது. குளிர் ஏறினால் சில்வண்டும் சுருண்டுவிடும், ஈயும் சுருண்டுவிடும். இரண்டும் செத்தது மாதிரிக் கிடக்கும்போது மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தால் ஈயும் அதன் புழுவும் கீழே விழும், சில்வண்டு மேலே தங்கும். கீழே ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர். வெயிலில் வைத்தால் சில்வண்டு எழுந்துவிடும், ஈ எழாது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஆனால் மீன்காரர் வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்?

அண்ணனிடம் ஒரு பெட்டி ஐஸ் கேட்டேன்.

"மீனுக்கு ஐஸ் போடுவாங்க. பூச்சிக்கு ஐஸ் போட்டு எங்கனா கேட்டுகிறியா?"

"கொண்டாருவியா மாட்டியா?"

"கொண்டாறேன் காலேஜு. கொண்டாறேன்."

என்னைக் காலேஜு என்றுதான் கூப்பிடுவான். கொண்டு வந்தான். தெர்மகோல் பெட்டி நிறைய நொறுக்கின ஐஸ். தொட்டிகளை அதன் மேல் வரிசையாக வைத்தேன். சலித்தேன். நினைத்த மாதிரியே நடந்தது. சோப்புத் தண்ணீர் கறுத்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதே பெரிது.

ஒரு வாரம் போவதற்குள் முன்பைவிட அதிகம் ஈ வந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தொட்டிகளின் அடியைத் தடவிப் பார்த்தேன். பிசுபிசுப்பு. முகர்ந்தேன். மீன். அண்ணன் கொண்டு வந்தது புது ஐஸ் இல்லை. படகில் மீனுக்கடியில் கிடந்து, ரத்தமும் சளியும் ஊறி, கரையில் கொட்ட வேண்டிய ஐஸ். அது உருகித் தொட்டியின் அடியில், தரைச் சந்தில், அட்டைகளின் விளிம்பில் எல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊரிலுள்ள அத்தனை கூன் ஈக்கும் நான் விருந்து வைத்திருந்தேன்.

அண்ணன் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"பழைய ஐஸா கொண்டாந்த?"

"பின்ன? பூச்சிக்குப் போயி எவனாவது புது ஐஸ் குடுப்பானா? ஓனரு பாத்தா சிரிப்பான்."

"தெரிஞ்சே செஞ்சியா?"

"எனக்கு இன்னா தெரியும்? நானா படிச்சவன்? நீதான மோந்து பாத்து வாங்கணும்." மென்றுகொண்டே சிரித்தான். "வர்ற பத்தாந்தேதி அவ வரா. ரூம கழுவி வை."

அவன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. தெரியாமல் செய்தான் என்றால் மன்னிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். ஐஸ் உடைக்கும் இடத்தில் ஆண்கள் மட்டும்தான் நின்றார்கள். "இன்னாம்மா, உங்க வூட்ல ஆம்பள இல்லியா?" என்றார் ஒருவர். "கீறாங்க. ஐஸ் எதுன்னு தெரியாது" என்றேன். சிரித்துவிட்டு, ஒரு முழு ஐஸ் கட்டியை மிஷினில் விட்டு நொறுக்கிக் கோணியில் கட்டிக் கொடுத்தார். வீடு வருவதற்குள் என் முதுகு நனைந்து மரத்துப்போயிருந்தது.

அன்று நான் செய்ததை இப்படிச் சொல்லலாம். பத்துத் தொட்டிகளில் எனக்கு வேண்டியது ஒரு பிடி பெண் சில்வண்டும் ஒரு பிடி ஆணும்தான். மீதி எல்லாம் ஈ தின்பதற்காக நடமாடிக்கொண்டிருக்கும் சோறு. அவற்றை வைத்துக்கொண்டு ஈயை ஒழிக்க முடியாது. நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலை எண்ணிப் பார்த்து, சந்தேகம் வந்ததைத் தள்ளினேன். பொறுக்கினவற்றைப் புது ஐஸில் குளிரவைத்து, மூன்று தடவை சலித்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்த ஒரே ஒரு தொட்டிக்குள் விட்டு, அம்மாவின் பழைய பாவாடைத் துணியால் வாயைக் கட்டினேன். அடுப்பில் வறுத்து ஆறவைத்து நனைத்த நார்த்தூளை ஓர் இரவு மட்டும் உள்ளே வைத்தேன்.

மற்ற தொட்டிகளில் ஆண் சில்வண்டுகள் பாடிக்கொண்டிருந்தன. குதித்து ஓடாமலிருக்க ஐஸ் பெட்டிக்குள் வைத்த பிறகும் பாடின. குளிர் ஏற ஏறப் பாட்டு இழுத்துக்கொண்டு மெதுவானது. ஒரு கிறீச், நெடுநேரம் கழித்து இன்னொரு கிறீச், அப்புறம் இல்லை. முட்டையிலிருந்து வளர்த்தவை. எறும்பளவு இருந்தபோது கேரட்டைச் சீவிப் போட்டவள் நான். கொதிக்கிற தண்ணீரை அண்டாவோடு தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு தொட்டியிலும் ஊற்றினேன். புழு, ஈ, சில்வண்டு எல்லாம் ஒன்றாகச் சுருங்கின. இறால் வேகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. அட்டைகளை மாடியில் போட்டு எரித்தேன். தரையைக் கம்பியால் சுரண்டி, காரச்சோடா போட்டுத் தேய்த்தேன். கையில் தோல் உரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்டி, உசுரு" என்றாள்.

"நீ தெனமும் எவ்ளோ மீன அறுக்கிற?"

"அத்தயும் இத்தயும் ஒன்னா வைக்காத. மீன நான் வளக்கலியே."

மறுநாள் காலை முட்டைப் பெட்டியை எடுத்து வேறு துணியால் கட்டி வைத்துவிட்டு, முட்டை போட்ட அந்தத் தாய்களையும் கூட இருந்த ஆண்களையும் கொன்றேன். அவற்றின் உடம்பில் ஒரு புழு ஒளிந்திருந்தாலும் போதும், எல்லாம் வீண். அறையில் உயிரோடு நான் மட்டும்தான் இருந்தேன். எண்ணெய்த் தட்டில் நாளாக ஆக ஒட்டுவது குறைந்தது. ஒருநாள் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. கதவின் அடி இடுக்கில் துணி திருகிச் செருகினேன். ஜன்னலுக்கு மெல்லிய துணி அடித்தேன். சிமெண்ட் ஷீட்டின் சூட்டில், காற்று இல்லாத அறையில், வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து காத்திருந்தேன். அண்ணி வருவதற்குச் சில நாள் முன்பு நார்த்தூளின் மேல் கடுகைத் தூவிய மாதிரி குஞ்சுகள் வந்தன. குதித்தன. ஈ ஒன்றுகூட இல்லை.

அண்ணி காலையில் வந்தாள். வாசலில் ஆரத்தி எடுத்துக் குழந்தையைக் கூடத்தில் பாயில் கிடத்தினார்கள். ஆண் குழந்தை. மத்தியானம் நைனா சொன்ன மாதிரியே மாடிக்கு வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அம்மா தட்டு நிறையச் சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டு, மூடி எடுத்து வந்தாள். நான்தான் மூடச் சொல்லியிருந்தேன்.

பின்னாலேயே அண்ணன் வந்தான். கையில் ஒரு கிண்ணத்தில் மீன் குடல். கிண்ணத்தைச் சுற்றி இரண்டு பச்சை ஈ.

"சோத்துக்கு வரலன்னாலும் இதுக்கு வரும்ல நைனா? நல்லா டெஸ்டு பண்ணிடலாம்."

கதவை அவன் முகத்துக்கு நேராக அடித்துச் சாத்தினேன்.

"ஏய்! நைனா, பாத்தியா?"

"ரூம்ல கீற ஈதான் கணக்கு. நீ வெளிய இருந்து கூட்டியாற ஈ கணக்கு இல்ல" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ சொல்றது ரைட்டு. குடல மூடி குடு" என்றார்.

கதவை விரல் அளவு திறந்து, என் கிண்ணத்தைக் கொடுத்து, அதில் மாற்றி மூடித் தரச் சொல்லி வாங்கினேன். நைனாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியை எடுத்தேன். நைனா மெதுவாகச் சாப்பிட்டார். அவர் அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். குழம்பு காய்ந்து தட்டில் ஒட்டியது. குடல் சூட்டில் நாறத் தொடங்கியது. நான் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் மிளகா, ஈயா என்று குனிந்து பார்த்தேன்.

விரல்களை நக்கிவிட்டு எழுந்தார்.

"ரூம் உன்து" என்றார். கதவுக்கு வெளியே நின்றிருந்த அண்ணனைத் தாண்டும்போது, "கீழ கொயந்த மேல மொய்க்குது பாரு, போயி வெசிறு" என்றார்.

உண்மைதான். கீழே கருவாட்டுக் கூடை, மீன் அறுக்கிற பலகை, வாசலுக்கு வெளியே கால்வாய். பால் வழிந்து காய்ந்த குழந்தையின் வாயோரத்தில் வீட்டு ஈ உட்கார்ந்தது. வலை போட்டுக் கவிழ்த்தால் புழுக்கத்தில் கத்தினான். மின்விசிறி சுற்றினால் ஈ போகும், மின்சாரம் நின்றால் திரும்பி வரும்.

அண்ணி சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தாள். நான் வெளியே நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு கேக்கட்டா?" என்றாள். "பகல்ல மட்டும் இவன் உள்ள தூங்கட்டும். ஓரமா ஒரு தூளி கட்டிக்கிறேன். உன் பூச்சிய நான் தொடவே மாட்டேன்."

"வேணாம் அண்ணி. கதவு தொறந்து மூடினா ஈ வந்துடும்."

"ஈ வருதுன்னுதான நானும் கேக்கறேன்?"

"அது வீட்டு ஈ. அதுக்கு அம்மாவக் கேளு. கருவாட்டுக் கூடய வெளிய வைக்கச் சொல்லு."

"எங்க புளியந்தோப்புல நான் பாக்காத ஈயா? அங்க கூட புள்ளய ஒரு ஓரமா வைக்க எடம் இருந்துச்சு. நேத்து வரைக்கும் இது என் ரூமு."

"நேத்து வரைக்கும்."

அவள் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி என் முன்னால் நீட்டினாள். "இவன் மூஞ்சப் பாத்து சொல்லு."

பார்த்தேன். கண்ணோரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. கையால் விரட்டினேன். எழுந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தது.

"மாட்டேன் அண்ணி."

"பூச்சிக்கு ஈ ஆகாதுன்னு கதவ சாத்துற. மன்ச கொயந்தைக்கு ஆகும்ல?" குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "நீ ஒன்னு பெத்து, அது மேல மொய்க்கிறப்போ தெரியும்."

"பெத்தாலும் இங்க தூளி கட்ட மாட்டேன்."

அவள் குழந்தையின் தலையைப் புடவையால் மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எனக்குத் தெரியும் அது எப்படிப் போகும் என்று. பகலில் தூளி. பிறகு தூளிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பாய். பாய்க்கு ஒரு தலையணை. தலையணை வந்தால் அண்ணன் வருவான். தொட்டிகள் படிக்கட்டுக்குக் கீழே போகும், நான் கருவாட்டுக் கூடைக்குப் போவேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து வெளியே தள்ள மாட்டார்கள். எல்லாரும் அன்பாகவே செய்வார்கள். ஒரு குழந்தையைக் காட்டி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் இல்லை என்று சொன்னது அந்தக் குழந்தைக்கு இல்லை. ஆனால் ஈ உட்கார்ந்தது அவன் மேல்தான், அதுவும் எனக்குத் தெரியும்.

கொளத்தூர்க் கடைக்காரர் இப்போது எனக்கு நாற்காலி போடுகிறார். மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்கிறார். அறைக்கு இரட்டைக் கதவு போட்டிருக்கிறேன். ஒன்றை மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறப்பேன்.

அண்ணன் மகன் நடக்கிறான். படியில் தவழ்ந்து ஏறி வந்து வெளிக் கதவைக் கையால் அறைகிறான். பகலில் நான் திறப்பதில்லை. சாயங்காலம் வேலை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, கீழே போய்த்தான் தூக்குவேன். எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் தாவி வருவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒருநாளும் எழுந்து வந்ததில்லை.